உணவு வங்கியில் முதல் ஆறு மாதம்: குமரி மாவட்டத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு

முதல் நாள் வருகிறவர்களை நான் மூட்டை தூக்க விடுவதில்லை. தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்வேன். வருவதை நிறுத்து, எடையை வாய்விட்டுச் சொல்லி, நோட்டில் எழுத வேண்டும். போவதையும் அப்படியே. உதவி செய்யத்தானே வந்தோம், கணக்கு எழுதவா என்று சிலருக்கு முகம் வாடிவிடும். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒக்கி புயலுக்கு அடுத்த வருடம் தக்கலைப் பக்கம் ஒரு சின்ன உணவு வங்கியில் சேர்ந்தேன். வாடகைக்கு ஒரு கடைமுறி, இரண்டு இரும்பு அலமாரி, ஒரு பிளாட்ஃபார்ம் தராசு, ஒரு பழைய ஃபிரிட்ஜ், அவ்வளவுதான் சொத்து. மிஞ்சும் உணவை வாங்கி, சேர்த்து வைத்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிறோம். அதற்கு ஏன் 'வங்கி' என்று பெயர்? 1967-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் இதைத் தொடங்கினார். கடைகள் வெளியே தள்ளும் உணவை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த ஒரு தாய், பணத்துக்கு வங்கி இருப்பதுபோல இதற்கும் ஓர் இடம் இருக்கலாமே என்று அவரிடம் சொன்னாராம். யோசனை கொடுத்தது வாங்குகிற பக்கத்திலிருந்த ஒரு பெண். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் ஊரைச் சுற்றுங்கள்

முதல் மாதம் எதையும் கொடுக்க அவசரப்பட வேண்டாம். நம் மாவட்டத்தில் பசி எப்போது, யார் வீட்டில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே அதற்கென்று ஒரு காலண்டரே இருக்கிறது.

ரப்பர் பால்வெட்டுகிறவருக்கு மழை பெய்தால் வேலை இல்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்கு உண்டு என்பதால், வருடத்தில் இரண்டு தடவை அந்த வீடுகளில் கை இறுகும். அது போக, ரப்பர் இலை உதிரும் காலத்தில் மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள், அப்போதும் கூலி இல்லை. கீரிப்பாறை, திற்பரப்பு, குலசேகரம் பக்கம் போனால் நேரில் பார்க்கலாம்.

கடற்கரையில் கணக்கு வேறு. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் சின்னமுட்டத்துக்கு ஒரு தேதி, குளச்சலுக்கும் முட்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இன்னொரு தேதி. அரசு நிவாரணம் மீனவர் குடும்பங்களுக்குத்தான் வரும். ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமக்கிறவர், துறைமுகத்தில் டீ விற்கிறவர் பெயர் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் தேடிப் போக வேண்டியது அவர்களை.

இன்னொரு வகைப் பசி நம் ஊரில் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். வீடு இரண்டு மாடி, வாசலில் கேட். உள்ளே எண்பது வயதில் ஒருவர் தனியாக, அடுப்புப் பற்றவைக்கத் தெம்பில்லாமல், பிஸ்கட்டும் கட்டன்சாயாவும் குடித்துப் படுத்திருப்பார். இவருக்கு அரிசி மூட்டையால் பயனில்லை. மதியம் ஒரு தூக்குவாளிச் சாப்பாடும் அதைக் கொண்டுபோகிற ஓர் ஆளும்தான் தேவை.

வீட்டுக்குப் போனதும் முதலில் கேட்க வேண்டியது ரேஷன் அட்டை. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அது ஏன் வரவில்லை என்று பாருங்கள். அட்டை இல்லையா, பெயர் நீங்கியதா, விரல்ரேகை விழவில்லையா? முந்திரி ஆலையில் காலமெல்லாம் கொட்டை உடைத்த பெண்களுக்கு ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, ரேகை தேய்ந்திருக்கும். மிஷினில் எத்தனை தடவை வைத்தாலும் விழாது. நடக்க முடியாதவருக்குப் பதிலாக வேறொருவர் வாங்குவதற்குப் படிவம் இருக்கிறது, அதை நிரப்பிக் கொடுங்கள். கடையில் சரிவரவில்லை என்றால் 1967 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்து செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு, 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் 2020 அக்டோபர் 1 முதல் இங்கேயும் நடப்பில் இருப்பது பலருக்குத் தெரியாது. ஒரு வீட்டின் ரேஷனைச் சரிசெய்து கொடுத்தால் அது மாதாமாதம் வரும். நாம் கொடுக்கும் பையைவிட அது பெரிய உதவி என்றே நினைக்கிறேன்.

பத்திரமும் நம்பரும்

இது சலிப்பான பகுதி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் சேர்ந்து நல்லெண்ணத்தில் தொடங்கினாலும், அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்துவிடுங்கள். பொறுப்பாளர்கள் எல்லாரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. சட்டம் தடுக்கிறதோ இல்லையோ, ஊர் கேட்கும். அறக்கட்டளை பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு. கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் பதிவு செய்தால் 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். தானமாகத்தானே கொடுக்கிறோம், இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். உபரி உணவை வாங்கி விநியோகிப்பதற்கென்றே 2019-ல் தனி விதிகள் வந்து, 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. உணவைத் தனியே பிரித்து வைப்பது, அடையாளச் சீட்டு ஒட்டுவது, எங்கிருந்து வந்தது எங்கே போனது என்று பதிவேடு வைப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. ஏழைக்குப் போகிற சோறு என்பதற்காகத் தரம் குறையலாம் என்று அந்த விதியில் எங்கும் இல்லை.

கல்யாண மண்டபத்திலிருந்து போன் வந்தால்

மாலை மூன்று மணிக்குத்தான் வரும். "முந்நூறு பேர் சாப்பாடு மிச்சம் இருக்கு, உடனே வாங்க." புதிதாகச் சேர்ந்தவருக்கு நெஞ்சு படபடக்கும், வண்டியை எடுத்துக்கொண்டு ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். போனிலேயே கேட்டுவிடுங்கள். எத்தனை மணிக்குச் சமைத்தது? எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது, மூடியா திறந்தா? பந்தியில் வாளியில் எடுத்துப் போனதா, சமைக்கிற ஆக்குப்புரையிலேயே இருந்ததா? என்னென்ன வகை?

பந்திக்குப் போய்த் திரும்பிய வாளி வேண்டாம். நம் ஊர்க் கல்யாணச் சாப்பாட்டில் பாதி தேங்காயில்தான் நிற்கிறது: அவியல், ஓலன், எரிசேரி, பச்சடி. தேங்காய் சேர்ந்தது முதலில் கெடும். காலை எட்டு மணிக்கு இறக்கிய அவியல் மூன்று மணிக்கு மணத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஓரத்தில் கரண்டியை விட்டுத் தூக்கிப் பாருங்கள், நூல் மாதிரி லேசாக இழுத்தால் முடிந்தது கதை. இழுக்காவிட்டாலும் நாங்கள் எடுப்பதில்லை. சோறு பத்திரம் என்று நினைப்போம், ஆனால் அண்டாவில் நடுச்சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமிக்கு அதுதான் பிடித்த சூடு. சில கிருமிகள் விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிய கணக்கு: சமைத்தது 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும். இடையில் அறைச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி எப்போதும் பையில் வையுங்கள். எடுத்த உணவு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி தனி டப்பாவில் போட்டு, நேரம் எழுதி, ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைப்பது எங்கள் பழக்கம். யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்வதுதான் இந்த வேலையில் கஷ்டமான பாடம். ஒருமுறை பெண்ணின் அப்பாவே ஆக்குப்புரைக்கு வந்துவிட்டார். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டியிருந்தார், முகமெல்லாம் வியர்வை. "நல்ல சாப்பாட்ட வேண்டாம்னு சொல்லுதியளே, நாங்க இப்போ சாப்பிட்டதுதானே" என்றார். அவர் சொன்னது உண்மை, அவர்கள் சாப்பிட்டது பன்னிரண்டு மணிக்கு. நாங்கள் கொடுக்கப்போவது ஐந்து மணிக்கு, சர்க்கரை நோயும் பிரஷரும் உள்ள வயதானவர்களுக்கு. நிதானமாகச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். அப்புறம் ஆக்குப்புரைக்குப் பின்னால் பார்த்தால், சமைக்காமல் மிஞ்சிய இரண்டு சாக்கு அரிசி, நறுக்காத பூசணி, சேனை, முப்பது நாற்பது தேங்காய், ஒரு குலை ஏத்தன் வாழை. அதைக் கேட்டு வாங்கினோம். ஒரு வாரத்துக்கு வந்தது.

அன்றிலிருந்து மண்டபத்திலிருந்து போன் வந்தால் எங்கள் முதல் கேள்வி, "சமைக்காதது என்ன மிச்சம்?" சமையல்காரர்களிடம் முன்கூட்டியே பழகி வையுங்கள். எண்ணிக்கை குறையும்போல் தெரிந்தால் கடைசி அண்டாவை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் போன் செய்யச் சொல்லுங்கள். மறுத்ததையும் நோட்டில் எழுதுங்கள்: தேதி, இடம், வகை, காரணம். எங்களிடம் அதற்கென்றே தனி நோட்டு இருக்கிறது. புதியவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது அதைத்தான்.

வாசலில் நிறுத்த வேண்டியவை

மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, நிறைய வரும், சந்தோஷமாக வாங்குங்கள், ஆனால் எப்போது பறித்தது என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாள் ஆனால் உள்ளே நீலம் பாய்ந்துவிடும். வாங்கிய அன்றே கொடுத்துவிட வேண்டிய பொருள் அது. கசப்பு வகை வந்தால், வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டச் சொல்லிக் கொடுங்கள். வெளியூர்த் தொழிலாளர்களுக்கு அது தெரியாது.

மார்த்தாண்டம், வடசேரி சந்தைகளில் காய்கறி கேட்டுப் போவதாக இருந்தால், கடையடைக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பு போங்கள், ஒரே ஆள் போங்கள், வாராவாரம் அதே கிழமை போங்கள். வியாபாரிக்கு முகம் பழகினால்தான் நல்லதை ஒதுக்கி வைப்பார்.

இனி முக்கியமான ஒன்று. ரேஷன் அரிசியை நன்கொடையாக வாங்கவே கூடாது. எங்களுக்குச் சம்பா அரிசிதான் பிடிக்கும், இது சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் களியக்காவிளை வழியாக ரேஷன் அரிசி கேரளத்துக்குக் கடத்தப்படுவது நம் மாவட்டத்தில் அடிக்கடி வரும் செய்தி. பூட்டிய கடைமுறிக்குள் பத்து சாக்கு ரேஷன் அரிசி இருந்தால், பறக்கும் படையினரிடம் உங்கள் நல்லெண்ணத்தை நிரூபிக்க வழியில்லை. வேண்டாத அரிசியை வாங்காமல் விட்டுக்கொடுக்க ரேஷன் துறையிலேயே வழி இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இருப்பு அறையும் நனைந்த சாக்கும்

சாக்குகள் தரையில் படக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது. மரப்பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். முதலில் வந்தது முதலில் போக வேண்டும், அதற்குச் சாக்கின் மேல் வந்த தேதியைப் பெரிதாக மார்க்கரில் எழுதுங்கள். பருப்புக்கு வண்டு, மாவுக்குப் புழு, மழைக்காலத்தில் எல்லாவற்றுக்கும் பூஞ்சை. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப நிறுத்துப் பார்க்க வேண்டும். நிறுக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் வேறொருவர். சாவி இரண்டு பேரிடம்.

நான் இருப்புக்குப் பொறுப்பாக இருந்த முதல் ஜூன் மாதம், இரண்டு நாள் விடாத மழை. ஓட்டில் விரிசல் இருப்பது எனக்கு முன்பே தெரியும், மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் திறந்தால் மேலேயிருந்த இரண்டு சாக்கு அரிசி நனைந்து, சூடேறி, புளித்த வாடை. இருபத்தைந்து கிலோ வீதம் ஐம்பது கிலோ. என் மனதில் வந்ததை மறைக்காமல் சொல்கிறேன்: கொடுத்ததாக எழுதிவிட்டுக் குழியில் கொட்டிவிடலாமா என்று தோன்றியது. எங்கள் பொருளாளர் அக்கா நோட்டை என் பக்கம் தள்ளி, "போனது போச்சு. எழுது" என்றார். எழுதினேன். வெளியே பலகையிலும் எழுதச் சொன்னார். 'மழையில் கெட்டது 50 கிலோ. காரணம்: ஓடு மாற்றவில்லை. பொறுப்பு: இருப்புப் பொறுப்பாளர்.' கை நடுங்கியது.

சனிக்கிழமை பை வாங்க வந்த ஒரு பாட்டி அந்தப் பலகை முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். முந்திரி ஆலையில் வேலை பார்த்தவர், விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். ஒரு விரலைப் பலகையில் '50' மேல் வைத்து, "அப்போ இதுல எனக்குள்ளது எவ்வளவு மக்ளே?" என்று கேட்டார்.

நன்கொடை கொடுத்தவர் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் கணக்குப் போட்டேன். 62 வீடு, வீட்டுக்கு 800 கிராம் சொச்சம். சொன்னேன். "ம்" என்றார். "ஓடு மாத்தியாச்சானு அடுத்த மாசம் பாப்பேன்." அடுத்த மாதம் உள்ளே வந்து, பையை வாங்குவதற்கு முன் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

அதுவரை நாங்கள் கணக்கு காட்டியது கொடுக்கிறவர்களுக்கு மட்டும். ரசீது அவர்களுக்கு, வருட அறிக்கை அவர்களுக்கு, நன்றிக் கடிதம் அவர்களுக்கு. வங்கி என்று பெயர் வைத்தோமே தவிர, கணக்கு வைத்திருப்பவர் யார் என்று யோசிக்கவில்லை. அந்தப் பாட்டிதான் கணக்கு வைத்திருப்பவர். அந்த வருடமே நிர்வாகக் குழுவின் ஏழு இடத்தில் இரண்டை வாங்குகிறவர்களுக்கு ஒதுக்கினோம். முதலில் உட்கார்ந்தது அவர். நீங்கள் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால், இதை அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் சேர்ப்பது கஷ்டம்.

கொடுக்கும் இடம், கொடுக்கும் விதம்

சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கவைத்து, ஒரே பந்தியில் உட்காரவைத்த மண் இது. ஆலயத் திருவிழாவில் அசனமும் சமபந்தியும், கோவிலில் அன்னதானமும், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பந்தியில் யாரும் யாரிடமும் 'நீ ஏழையா' என்று கேட்பதில்லை. உணவு வங்கியிலும் அந்த மரியாதை வர வேண்டும் என்பதற்காகச் சில விஷயங்களைக் கறாராக வைத்திருக்கிறோம்.

இடம் எந்த வழிபாட்டுத் தலத்தின் வளாகத்துக்குள்ளும் வேண்டாம். சிலுவை நட்ட குருசடிப் பக்கம் வைத்தால் ஒருவர் தயங்குவார், கோவில் மண்டபத்தில் வைத்தால் இன்னொருவர் தயங்குவார். நூலகத் திண்ணை, மகளிர் குழுக் கட்டடம், சாலையோரக் கடைமுறி நல்லது. நேரம் மாலை ஐந்தரைக்கு மேல், கூலி வேலை முடிந்து வருகிறவர்களுக்காக.

போட்டோ கிடையாது. பை கொடுக்கும்போதும் கிடையாது, வரிசையைத் தூரத்திலிருந்தும் கிடையாது. படம் இல்லாமல் பணம் தர மாட்டேன் என்றால் அந்தப் பணம் வேண்டாம். தராசையும் சாக்கையும் பலகையையும் வேண்டுமளவு படமெடுத்து அனுப்பலாம். ஆதார் நகல் வாங்காதீர்கள். பெயர், வீட்டில் எத்தனை பேர், என்ன சாப்பிட முடியாது என்பது போதும். அந்த நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கும், வெளியே பேசப்படுவது டோக்கன் எண் மட்டும்.

முடிந்தால் கட்டிய பையாகக் கொடுக்காமல், மேசையில் பரப்பி எடுக்கச் சொல்லுங்கள். அரிசி இவ்வளவு, பயறு வகை இரண்டு, காய் மூன்று என்று அளவு மட்டும் சொன்னால் போதும். அவரவர் வீட்டுக்கு எது ஆகும் என்பது அவரவருக்குத் தெரியும். சிறுபயறுக்குப் பதில் கடலை வேண்டும் என்பார் ஒருவர், கஞ்சிக்கு மட்டும்தான் அரிசி என்பார் இன்னொருவர். பையாகக் கொடுத்த காலத்தில் திரும்பும் வழியில் கிடந்த சேமியா பாக்கெட்டுகளை நாங்களே பொறுக்கியிருக்கிறோம்.

தேர்தல் அறிவித்துவிட்டால் கூடுதல் கவனம். கட்சிக்காரர் யாரும் பக்கத்தில் நின்று கொடுக்கக் கூடாது, கொடி, படம், பை அச்சு எதுவும் கூடாது. நடத்தை விதிக் காலத்தில் அது லஞ்சமாகப் பார்க்கப்படும். மற்றக் காலத்திலும் எங்களுக்கு அதே விதிதான்.

பலகை

நல்ல பெரிய கரும்பலகையாக வாங்கி, தெருவைப் பார்த்து மாட்டுங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை எழுதுவோம். மாதிரிக்கு, அரிசி மட்டும்:

தொடக்க இருப்பு 240 கிலோ. வரவு 510. கொடுத்தது 602. கெட்டது 12. இருக்க வேண்டியது 136. தராசில் இருப்பது 134. குறைவு 2.

கடைசி இரண்டு கிலோவைச் சரிக்கட்டி எழுதிவிடாதீர்கள். சிந்தியிருக்கலாம், ஒவ்வொரு தடவை நிறுக்கும்போதும் கொஞ்சம் கூடப் போயிருக்கலாம். குறைவு என்றே எழுதுங்கள். மாதாமாதம் அது கூடிக்கொண்டே போனால் எங்கோ ஓட்டை என்று தெரியும். ஒருபோதும் குறைவே வராத கணக்கைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூடுகிறது. அதில் ஒரு தடவையாவது எழுந்து நின்று வருடக் கணக்கைப் படியுங்கள். நவம்பர் 1 நமக்குத் தோதான நாள், 1956-ல் குமரி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாள் என்பதால் கூட்டமும் வரும். யாராவது கோபமாகக் கேள்வி கேட்பார்கள். என் அத்தைக்கு ஏன் பை இல்லை, உங்கள் ஆளுக்கு மட்டும் ஏன் இரண்டு என்று. அங்கேயே பதில் தெரியாவிட்டால், எழுதிக்கொண்டு ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். தொண்டரின் சொந்தக்காரர் பட்டியலில் இருந்தால், அவர் பெயரைச் சேர்க்கும் முடிவில் அந்தத் தொண்டர் உட்காரக் கூடாது. குழு உறுப்பினர் கடையில் பொருள் வாங்குவதாக இருந்தால் வேறு இரண்டு கடையின் விலையையும் எழுதி வாங்கி வையுங்கள்.

பணம்

சில்லறையாக வந்தாலும் ரசீது, உடனே. நன்கொடை கொடுக்கிறவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் பதிவு வாங்கியிருந்தால் ஒன்று தெளிவாகச் சொல்லுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, அரிசி பருப்பாகக் கொடுத்தாலும் இல்லை.

வெளிநாட்டுப் பணம்தான் நம் மாவட்டத்தில் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சம்பளச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் இந்தியக் குடிமகன் என்பதற்குப் பாஸ்போர்ட் விவரத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால், அவர் இரணியலில் பிறந்தவராகவே இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கியில் தனிக் கணக்கும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. சாதாரணக் கணக்கில் வந்து விழுந்துவிட்டால் எடுத்துச் செலவழிக்காதீர்கள், அன்றே ஆடிட்டரிடம் போங்கள்.

புயல், வெள்ளம்

2004 சுனாமி, 2017 ஒக்கி, 2021 வெள்ளம் என்று நம் மாவட்டம் பார்த்துவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் பொருள் தட்டுப்பாட்டைவிடப் பொருள் ஓரிடத்தில் குவிவதுதான் தொல்லை. மெயின் ரோட்டு ஊருக்கு ரொட்டி லாரி லாரியாக வரும், இரண்டு கிலோமீட்டர் உள்ளே மரம் விழுந்து பாதை அடைத்த ஊருக்கு ஒன்றும் போயிருக்காது. ஒக்கியில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை, கிணற்று மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை, அரிசி கொடுத்தால் வேகவைக்க வழியில்லை.

அதனால் மழைக்காலத்துக்கு முன்பே மூன்று விஷயத்தைத் தயார் செய்யுங்கள். எந்த ஊரில் யார் வீட்டில் பெரிய அண்டாவும் விறகடுப்பும் இருக்கின்றன என்ற பட்டியல். கை பம்பும் கயிற்றுக் கிணறும் இருக்கும் இடம். தனியாக இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள். கடற்கரை ஊர்களில் அன்பியங்கள் எனப்படும் கத்தோலிக்கப் பங்கின் சிறு குடும்பக் குழுக்கள் இந்த விவரத்தை வீட்டுக்கு வீடு வைத்திருப்பார்கள், உள்பகுதியில் மகளிர் குழுக்கள். அவர்களிடம் கேளுங்கள், நீங்களாக வேறு பட்டியல் போட வேண்டாம். அவசரம் என்பதற்காக நோட்டை மூடிவிடவும் வேண்டாம். எந்த ஊருக்கு என்ன போனது என்று எழுதினால்தான் எந்த ஊருக்குப் போகவில்லை என்று தெரியும்.

சாவி வாங்கும் நாள்

ஆறு மாதம் ஆனதும் உங்களிடம் ஒரு சாவி தருவார்கள். வாங்குவதற்கு முன் இருப்பை முழுதும் நிறுத்துப் பாருங்கள், எவ்வளவு நெருங்கிய நண்பரிடமிருந்து வாங்கினாலும். பழையவர், நீங்கள், வாங்குகிறவர்கள் சார்பில் ஒருவர் என மூன்று பேர் கையெழுத்து. எங்கள் நோட்டில் அந்த மூன்றாவது இடத்தில் பல பக்கங்களில் ஒரு கறுத்த பெருவிரல் ரேகை இருக்கும். ரேகை பாதிதான் விழுந்திருக்கும், பக்கத்தில் பொருளாளர் அக்கா பெயரை எழுதியிருப்பார். உங்கள் பக்கத்திலும் அதற்கு இடம் விட்டுக் கோடு போடுங்கள். மை டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருக்கும்.